கல்லை விழுங்கச் சொல்கிறார் பெரியவர்

காசிமேட்டில் ஒரு மருந்துக்கடைக்குத் தலைவலி மாத்திரை வாங்கப் போனேன். மாத்திரையோடு எட்டுப் பக்கச் சிறுவெளியீடு ஒன்றையும் கையில் திணித்தான் கடைப்பையன். எழுதியவர் நாற்பது வருடம் மருந்து வியாபாரம் பார்த்து ஓய்ந்தவர். ராயபுரம் பக்கம் அவரைக் கண்டால் எழுந்து நின்று வணக்கம் சொல்பவர்கள் உண்டு. பெயர் வேண்டாம், பெரியவர் என்றே சொல்கிறேன். அவர் கையில் எடுத்த பொருள் நான் இருபத்தாறு வருடமாகச் சோறு தின்னும் பொருள். தண்ணீரில் கரையாத மருந்துகளின் படிகத்தை உடைத்து, பாலிமரோடு கலந்து, மறுபடி படிகமாகிவிடாமல் மாத்திரையாக்குவது. தொழிலில் இதை அமார்ஃபஸ் என்போம்.

பெரியவர் சொல்வது இது. படிகம்தான் மருந்தின் இயல்பு, அமார்ஃபஸ் என்பது நிலையில்லாத அரைவேக்காடு. குளிர்நாட்டுக்காரன் கண்டுபிடித்த அந்தச் சரக்கு எண்ணூர் உப்புக்காற்றிலும் திருவொற்றியூர் ஷீட் வீட்டுச் சூட்டிலும் மூன்று மாதம் தாங்காது. காப்புரிமையை ஜவ்வாக இழுக்கக் கம்பெனிகள் போடும் வேடம் இது. ஆகவே அரசு இதையெல்லாம் வாங்கக் கூடாது, கடைக்காரர்கள் சாதாரணப் பொடியில் செய்த மாத்திரையைக் கேட்டு வாங்க வேண்டும். வேலை செய்யவில்லையா? டோஸைக் கூட்டிக்கொள்.

வீட்டுக்குப் போய்ப் பழைய பேப்பர் கட்டில் சேர்த்திருப்பேன். ஆனால் நான் நின்றுகொண்டிருக்கும்போதே துறைமுகத்தில் மூட்டை ஏற்றும் ஒருவர் வந்தார். இடுப்பைச் சுற்றிப் படர்தாமரை, வியர்வை ஊறிய பனியன். டாக்டர் எழுதிய இட்ராகொனசோல் காப்ஸ்யூலைக் கேட்டார். பையன் ஒரு காப்ஸ்யூலைத் திருகித் திறந்து உள்ளங்கையில் கொட்டிக் காட்டினான். “பாத்தியாண்ணே, உள்ள மருந்தே இல்ல, வெறும் உருண்டை. பெரியவரு எழுதியே குடுத்துட்டாரு.” அவர் குனிந்து பார்த்துவிட்டு, “இன்னாபா, சீரக மிட்டாய் மாரி கீது” என்றார். மருந்து வாங்காமல் ஒரு களிம்பு ட்யூபோடு போய்விட்டார். அதன்பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சீரக மிட்டாய் என்று அவர் சொன்னது பெரியவரின் எட்டுப் பக்கத்தைவிடச் சரியான வர்ணனை. சீரகத்தைச் சட்டியில் போட்டு உருட்டி உருட்டிப் பாகை ஏற்றுவார்களே, இதுவும் அந்த வேலைதான். நடுவில் கடுகளவு சர்க்கரை உருண்டை. அதன்மேல் இட்ராகொனசோலையும் ஹைப்ரோமெல்லோஸ் என்ற பாலிமரையும் ஒன்றாகக் கரைத்துத் தெளித்து, தெளிக்கத் தெளிக்கவே உலர்த்தி ஏற்றிய பூச்சு. 1992-ல் அமெரிக்காவில் ஸ்போரனாக்ஸ் என்ற பெயரில் அனுமதி பெற்ற மூலக் காப்ஸ்யூலே இப்படித்தான் வந்தது. பையன் ‘வெறும் உருண்டை’ என்று கொட்டிக் காட்டியதில்தான் 100 மில்லிகிராம் மருந்தும் இருந்தது.

ஏன் இந்தப் பாடு? மருந்துப் பொடியை அப்படியே காப்ஸ்யூலில் அடைத்தால் என்ன? பெரியவர் கேட்காமல் விட்ட கணக்கை நான் போடுகிறேன். இட்ராகொனசோல் படிகம் நடுநிலைத் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு மைக்ரோகிராம்தான் கரையும். அப்படியானால் ஒரு காப்ஸ்யூல் மருந்து முழுதாகக் கரைய ஒரு லட்சம் லிட்டர் வேண்டும். 9,000 லிட்டர் மெட்ரோ வாட்டர் லாரி பதினொன்று வரிசையாக நின்றாலும் போதாது. வயிற்று அமிலத்தில் நிலைமை எவ்வளவோ தேவலை, ஆனால் அங்கும் சுமார் இருபது லிட்டர் கேட்கும். நம் வயிற்றில் எவ்வளவு அமிலம் இருக்கும், மாத்திரையோடு எத்தனை டம்ளர் தண்ணீர் குடிப்போம் என்பதைப் பெரியவரே யோசித்துக்கொள்ளட்டும். கரையாத மருந்து குடலில் இறங்கி மறுநாள் காலை வெளியே போகும். படர்தாமரை இடுப்பிலேயே இருக்கும்.

அதுவும் இப்போது இருக்கும் படர்தாமரை பழைய படர்தாமரை இல்லை. டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மருந்துக்கு மசியாத பூஞ்சை இந்தியாவெங்கும் பரவி, 2020-ல் அதற்கு ட்ரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே என்று நம் நாட்டின் பெயரையே வைத்துவிட்டார்கள். தோல் மருத்துவர்கள் இட்ராகொனசோலைத்தான் நம்பி நிற்கிறார்கள். இந்த நேரம் பார்த்து, அந்த மருந்து உடம்பில் ஏறும் ஏணியை எடுத்துவிடச் சொல்கிறார் பெரியவர்.

படிகம் என்றால் என்ன, அமார்ஃபஸ் என்றால் என்ன என்பதற்கு ஆய்வகம் தேவையில்லை. திருவொற்றியூர் தேரடியில் மாசித் திருவிழாவுக்கு நின்றால் போதும். கற்கண்டும் சர்க்கரை, பஞ்சுமிட்டாயும் சர்க்கரை. கற்கண்டில் மூலக்கூறுகள் ராணுவ அணிவகுப்பு மாதிரி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. தண்ணீர் ஒவ்வொன்றாகக் கையை விடுவித்துத்தான் அழைத்துப்போக முடியும். பஞ்சுமிட்டாயில் அந்த வரிசையே இல்லை. உருகிய பாகைச் சுழற்றி வீசியபோது வரிசைகட்ட நேரம் கிடைக்காமல், திருவிழாக் கூட்டம் மாதிரி நின்ற இடத்தில் உறைந்துவிட்டன. நாக்கில் பட்டதும் காணாமல் போகிறது. (இழை மெல்லியது என்பதும் ஒரு காரணம். இதைச் சொல்லாமல் விட்டால் பெரியவர் ஒன்பதாம் பக்கம் எழுதுவார்.) கரையாத மருந்தைப் பஞ்சுமிட்டாய் ஆக்குவதுதான் எங்கள் தொழில்.

நிலையில்லாதது என்கிறார். பாதி உண்மை. பாடப்புத்தகத்தின் முதல் பாதியை மட்டும் படித்தவர்களிடம் இருக்கும் உண்மை. அமார்ஃபஸ் நிலையில் இருக்கும் பொருளுக்கு ஆற்றல் அதிகம், படிகமாக இறங்கிவிடும் விருப்பம் அதற்கு உண்டு. ஆனால் இறங்க ஆசைப்படுவது வேறு, இறங்கிவிடுவது வேறு. காசிமேட்டுக் கடற்கரையில் ஈரமணலைக் கிளறினால் பழைய கோலி சோடா பாட்டில் சில்லு கிடைக்கும். கண்ணாடி அமார்ஃபஸ்தான். நம் தாத்தா குடித்துவிட்டுப் போட்ட சோடா பாட்டில் உப்புத்தண்ணீரில் இத்தனை வருடம் கிடந்தும் படிகமாகவில்லை. ஏனென்றால் அது இளகும் வெப்பம் நூற்றுக்கணக்கான டிகிரிக்கு மேலே இருக்கிறது. அதற்குக் கீழே மூலக்கூறு நகரவே முடியாது. நகர முடியாதவன் எப்படி வரிசையில் போய் நிற்பான்?

எல்லாக் கண்ணாடிப் பொருளுக்கும் அப்படி ஓர் இளகும் வெப்பம் உண்டு, தொழிலில் டிஜி என்போம். 1995-ல் ஹேன்காக், ஷாம்ப்ளின், ஸோக்ராஃபி மூவரும் மூன்று பொருள்களை வைத்து ஆராய்ந்தார்கள். இண்டோமெத்தசின் என்ற வலி மருந்து, பிவிபி என்ற பாலிமர், மூன்றாவது நம் சர்க்கரை. டிஜிக்கு ஐம்பது டிகிரி கீழே வைத்தால், ஒரு மருந்தின் ஆயுட்காலத்துக்குள் கவலைப்படும் அளவு மூலக்கூறு அசையாது என்பது அவர்கள் கண்டது. இட்ராகொனசோலின் டிஜி 59 டிகிரி. ஐம்பதைக் கழித்தால் ஒன்பது. தனியாக விட்டால் அதற்கு ஃபிரிட்ஜ்தான் கதி. பெரியவர் தனியாக விட்ட மருந்தைப் பற்றித்தான் எட்டுப் பக்கமும் எழுதியிருக்கிறார். பாலிமர் எதற்கு என்று ஒரு வரிகூட இல்லை. மருந்தை மலிவாக நிரப்பும் மாவு என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

ஜாமூனுக்குப் பாகு காய்ச்சும்போது நாலு சொட்டு எலுமிச்சம் சாறு விடச் சொல்வாள் என் அம்மா. இல்லையென்றால் ஆறியதும் பாகு பூத்துப்போகும், அடியில் சர்க்கரை மணல் மணலாக நிற்கும். எலுமிச்சையின் அமிலம் சர்க்கரையில் ஒரு பங்கை உடைத்து வேறு இரண்டு சர்க்கரைகளாக்குகிறது. அவை வரிசைக்குள் புகுந்து, பொருந்தாத செங்கல் மாதிரி நின்று, கட்டடத்தை எழும்ப விடுவதில்லை. மருந்துக்கு எலுமிச்சை பாலிமர். அதுவும் எலுமிச்சையைவிட ஒரு படி மேல். மருந்து மூலக்கூறைக் கையோடு கை பிடித்துக்கொள்ளும், டிஜியையும் தூக்கி நிறுத்தும். கோபோவிடோன் என்ற பாலிமரின் டிஜி 100 டிகிரிக்கு மேல். மாத்திரை வயிற்றில் கரைந்தபிறகும் இதற்கு வேலை இருக்கிறது. அளவுக்கு மீறிக் கரைந்து நிற்கும் மருந்து அங்கேயே பூத்து அடியில் உட்கார்ந்துவிடாமல், குடல் உறிஞ்சும்வரை தாங்கிப் பிடிப்பதும் இதுதான். பாகு பூக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று வடசென்னையில் கல்யாணச் சமையலுக்குப் போகும் எந்தப் பெண்ணுக்கும் தெரியும். நாற்பது வருடம் மருந்து விற்றவருக்குத் தெரியவில்லை.

அடுத்து, படிகம் நம்பகமானது என்ற வாதம். இதைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

ரிடோனாவிர் எய்ட்ஸ் மருந்து. அபாட் கம்பெனி 1996-ல் காப்ஸ்யூலாக வெளியிட்டது. மருந்துக்கு ஒரே ஒரு படிக வடிவம்தான் உண்டு என்று எல்லோரும் நம்பினார்கள். 240 லாட் செய்து அனுப்பினார்கள், ஒரு பிசகும் இல்லை. 1998-ல் திடீரென்று காப்ஸ்யூல்கள் கரைதிறன் சோதனையில் தோற்க ஆரம்பித்தன. உள்ளே பார்த்தால், அதுவரை உலகில் யாரும் பார்த்திராத இரண்டாவது படிகம் ஒன்று உருவாகியிருந்தது. முதல் படிகத்தைவிட உறுதியானது, முதல் படிகத்தைவிடக் கரையாதது. ஒரு துளி உறைமோர் ஓர் அண்டாப் பாலைத் தயிராக்குவது போல, அந்தப் படிகத்தின் தூசு பட்ட இடமெல்லாம் மருந்து அந்த வடிவத்துக்கு மாறியது. காப்ஸ்யூலைச் சந்தையிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. உயிர் காக்கும் மருந்தை நம்பியிருந்தவர்கள், வாயில் வைக்க முடியாத திரவ மருந்துக்கு மாறினார்கள். 1999-ல் புதிய மென்காப்ஸ்யூல் வந்தது, ஆனால் அதைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும்.

பெரியவர் போற்றும் உறுதிதான் அந்த மருந்தைக் கொன்றது. மருந்து உலகில் நிலைத்தன்மையைப் பற்றி நடந்த மிகப் பிரபலமான விபத்து படிகத்தால் நடந்த விபத்து. இதை விட்டுவிட்டு அமார்ஃபஸின் நிலைத்தன்மை பற்றி எட்டுப் பக்கம் எழுதுவது, டைட்டானிக்கைச் சொல்லாமல் கப்பல் பயணத்தின் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவது மாதிரி.

விபத்திலிருந்து மீட்டது எது? லோபினாவிரும் ரிடோனாவிரும் சேர்ந்த கலெட்ரா முதலில் மென்காப்ஸ்யூலாகத்தான் வந்தது. அதற்கும் குளிர்பெட்டி, நாளைக்கு ஆறு. 2005-ல் அதே மருந்து மாத்திரையாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மருந்தையும் கோபோவிடோனையும் கலந்து, சூடேற்றிய இரட்டைத் திருகு இயந்திரத்தில் உருக்கிப் பிழிந்து, குளிரவைத்து, பொடித்து அழுத்திய மாத்திரை. முறுக்கு உழக்கு மாதிரிதான், நெருப்பு உழக்குக்குள்ளேயே இருக்கும் என்பது மட்டும் வித்தியாசம். பிளாஸ்டிக் தொழிலிலிருந்து வந்த இயந்திரம் அது. நாளைக்கு நான்கு மாத்திரை போதும், சாப்பிட்டும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம், குளிர்பெட்டி வேண்டாம். அமார்ஃபஸ் மாத்திரை.

இது நம் ஊர்க் கதையும்கூட. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986-ல் கண்டறியப்பட்டதே சென்னையில்தான், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டறிந்தார்கள். 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டுமருந்து சிகிச்சையைத் தொடங்கியபோது தாம்பரம் சானடோரியம் முதல் மையங்களில் ஒன்று. முதல் வரிசை மருந்து தோற்றவர்களுக்கு 2008 ஜனவரியில் இரண்டாம் வரிசை தொடங்கியதும் தாம்பரத்திலும் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையிலும்தான். அன்று அதன் முதுகெலும்பு லோபினாவிர்-ரிடோனாவிர்.

திருவொற்றியூரில் மின்ரயில் ஏறி, பீச்சில் மாறி, தாம்பரம் போய் மாத்திரை வாங்கி வந்தவர்கள் எனக்குத் தெரிந்தவர்கள். அதில் ஓர் அம்மா எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார். ஒற்றை அறை, ஷீட் கூரை, மாமியார், இரண்டு பிள்ளைகள். ஃபிரிட்ஜ் இல்லை. குளிர்பெட்டியில் வைத்தாக வேண்டிய மருந்தாக இருந்திருந்தால் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில்தான் வைத்திருக்க வேண்டும். வைத்த அன்றே, “என்ன மாத்திரைக்கா இது?” என்ற கேள்வி வந்திருக்கும். ஒரு வாரத்தில் தெருவுக்கே தெரிந்திருக்கும். அந்த அம்மாவுக்குக் குளிர்பெட்டி வேண்டாத மாத்திரை வெறும் வசதி இல்லை, மானம். குளிர்நாட்டுக்காரன் சரக்கு என்று பெரியவர் எழுதுகிறாரே, குளிர்நாட்டுக்காரன் வீட்டில் ஃபிரிட்ஜ் இருந்தது. அது இல்லாத வீட்டுக்குத்தான் இந்த மாத்திரை அதிகம் தேவைப்பட்டது.

இப்போது வடசென்னையின் சூட்டுக்கும் உப்புக்காற்றுக்கும் வருகிறேன். பெரியவர் வாதத்தில் சதை உள்ள இடம் இது ஒன்றுதான், ஆகவே கொஞ்சம் நிதானமாகவே பேசுகிறேன். ஈரம் அமார்ஃபஸ் மருந்துக்குப் பகை. தண்ணீர் புகுந்தால் டிஜி சரியும். ஒரு சதவீத ஈரத்துக்குப் பத்து டிகிரி என்பது நாங்கள் மனதில் வைத்திருக்கும் கைக்கணக்கு. பஞ்சுமிட்டாயைக் கவரிலிருந்து எடுத்து ஐப்பசி மழையில் கால்மணி நேரம் வைத்துப் பாருங்கள், சுருங்கிப் பிசுபிசுத்துப் போகும். மாத்திரைக்குள்ளும் அது நடக்கலாம்.

ஆனால் நம் ஊர் ஈரத்தில் யாரும் சோதிப்பதில்லை என்று எழுதியிருக்கிறாரே, அது பொய். அத்திப்பட்டு, எண்ணூர் பக்கத்து உப்பளத்து உப்பை வைத்தே இதைச் சொல்லிவிடலாம். சமையலறை உப்பு ஜாடி கசிய ஆரம்பிக்கிறதென்றால் காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். மருந்துகளின் துரிதச் சோதனை 40 டிகிரி வெப்பம், அதே 75 சதவீத ஈரப்பதம், ஆறு மாதம். பெரிய சோதனை அறை இல்லாத இடங்களில் மூடிய பாத்திரத்துக்குள் இனிக் கரையாது என்று அடியில் தங்கும் அளவுக்கு உப்பைக் கரைத்து வைத்தே அந்த ஈரப்பதத்தை உண்டாக்குவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் செய்தோம். அதாவது பெரியவர் பூச்சாண்டி காட்டும் உப்பு ஈரம்தான் சோதனையின் அளவுகோலே. நீண்டகாலச் சோதனையை இந்தியாவில் 30 டிகிரியில் செய்கிறோம், ஈரப்பதம் 70 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் மிக வெப்பமான, மிக ஈரமான நாடுகளுக்கு 75 கேட்கிறது. குளிர்நாட்டு 25 டிகிரிக் கணக்கு நம் சந்தைக்குச் செல்லாது.

சோதனை மூடிய பட்டைக்குள் நடக்கிறது. பட்டைக்கு வெளியே வந்துவிட்டால் யாரும் உத்தரவாதம் தர முடியாது. இரண்டு பக்கமும் அலுமினியம் வைத்த பட்டையும், புட்டிக்குள் போடும் அந்தச் சின்னச் சிலிக்கா ஜெல் பொட்டலமும் சும்மா இல்லை. இங்கேதான் பெரியவரைப் பார்த்து நான் கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது. நாலு மாத்திரை கேட்டால் பட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, காகித உறையில் போட்டு, மேலே காலை ஒன்று, இரவு ஒன்று என்று பேனாவால் கோடு போட்டுக் கொடுக்கும் பழக்கத்தை யார் வளர்த்தது? கம்பெனியா? எண்ணூர்க் காற்றா? வடசென்னையில் நான் வளர்ந்த காலம் முழுக்க மருந்துக்கடை என்றால் அந்தக் காகித உறைதான். பெரியவர் நாற்பது வருடம் நின்ற கவுண்டர் அதற்கு விலக்காக இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஈரத்தைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதியவர், மாத்திரையைப் பட்டையோடு கத்தரித்துக் கொடுங்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்த வெளியீட்டுக்கு ஒரு பயன் இருந்திருக்கும். தாம்பரம் போய்வந்த அந்த அம்மா, மாமியார் கண்ணில் படாமலிருக்க மாத்திரைகளைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு மாற்றிவைத்திருந்தார். சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும் சேர்த்துப் போடுங்கக்கா என்று சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

கேஸ் மாத்திரை விஷயமும் இருக்கிறது. நம் ஊரில் எந்தச் சீட்டு வந்தாலும் கூடவே ஒரு பாண்டோப்ரசோலைப் போட்டுக்கொடுப்பது கடைக்காரர்களின் கைப்பழக்கம். இட்ராகொனசோல் காப்ஸ்யூலுக்கு வயிற்று அமிலம் வேண்டும். சாப்பாட்டோடு போடச் சொல்வதும், அமிலம் குறைந்தவர்களைக் கோலா பானத்தோடு போடச் சொல்வதும் அதற்காகத்தான். கேஸ் மாத்திரையால் அமிலத்தை அடைத்துவிட்டு, காப்ஸ்யூல் வேலை செய்யவில்லை, உருண்டையெல்லாம் ஏமாற்று என்று எழுதுவது எந்த ஊர் நியாயம்?

டோஸைக் கூட்டிக்கொள் என்ற யோசனைக்கு நீண்ட பதில் தேவையில்லை. வெமுராஃபெனிப் என்ற தோல் புற்றுநோய் மருந்தில் அதைச் செய்து பார்த்துவிட்டார்கள். முதலில் படிக வடிவில் கொடுத்து, நாளைக்கு 1600 மில்லிகிராம் வரை ஏற்றினார்கள். ரத்தத்தில் மருந்து ஏறவில்லை, கட்டி சுருங்கவில்லை. சோதனையை நிறுத்திவைத்து, அதே மருந்தைப் பாலிமரோடு அமார்ஃபஸாக்கிக் கொண்டுவந்தார்கள். 2010-ல் வெளியான முடிவில், தேர்ந்தெடுத்த அளவு பெற்ற 32 பேரில் 26 பேருக்குக் கட்டி சுருங்கியிருந்தது. மூலக்கூறு அதே மூலக்கூறு. கரையாத கல்லை ஒன்றுக்கு நாலாக விழுங்கினால் வயிறு நிறையும், ரத்தம் நிறையாது.

காப்புரிமை என்ற வாதத்தில் எனக்குப் பெரியவரோடு அனுதாபம் உண்டு. வடிவத்தை லேசாக மாற்றி இருபது வருடம் இழுப்பது நிஜமாகவே நடக்கிற களவு. அதைத் தடுக்கத்தான் நம் சட்டத்தில் 3(டி) பிரிவு. ஆனால் அந்தப் பிரிவின் மிகப் பெரிய வழக்கு நம் சென்னையிலேயே தொடங்கியதைப் பெரியவர் எப்படி மறந்தார்? நோவார்ட்டிஸ் கம்பெனியின் க்ளிவெக் என்ற புற்றுநோய் மருந்து. 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. பிரிவையே எதிர்த்த வழக்கை 2007 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளியது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் கதவைச் சாத்தியது. அவர்கள் காப்புரிமை கேட்டது எதற்கு? அந்த மருந்தான இமாட்டினிப் மெசிலேட்டின் பீட்டா படிகத்துக்கு. படிகத்துக்கு, பெரியவரே! அமார்ஃபஸுக்கு அல்ல.

சரி, அமார்ஃபஸுக்கும் கேட்டுப் பார்த்தார்கள். வெப்பம் தாங்கும் லோபினாவிர்-ரிடோனாவிர் மாத்திரைக்கு அபாட் போட்ட விண்ணப்பத்தை, சிப்லாவும் மேட்ரிக்ஸும் எதிர்த்து, 2010 டிசம்பர் இறுதியில் காப்புரிமை அலுவலகம் நிராகரித்தது. தொழில்நுட்பத்தை நம் கம்பெனிகள் எப்போதோ கையில் எடுத்துக்கொண்டுவிட்டன. அட்டர்வாஸ்டாடின் என்ற கொலஸ்ட்ரால் மருந்தில் வெளிநாட்டுக் கம்பெனி படிகங்களுக்குக் காப்புரிமை வைத்து வேலி கட்டியபோது, இந்தியக் கம்பெனிகள் வேலியைச் சுற்றிப் போன பாதையே அமார்ஃபஸ்தான். ஏகபோகத்தின் ஆயுதம் என்று அவர் சொல்வது, ஏகபோகத்தை உடைத்த கடப்பாரையை.

இந்த வயதில் பெரியவருக்குக் கொலஸ்ட்ரால் மாத்திரை இருக்கும் என்று நினைக்கிறேன். ரோசுவாஸ்டாடின் என்றால் கொஞ்சம் சங்கடம், அதன் கால்சியம் உப்பு அமார்ஃபஸ் பொடிதான். பேரப்பிள்ளைக்குத் தொண்டைவலிக்கு செஃபுரோக்சிம் ஆக்செட்டில் மாத்திரை வாங்கியிருந்தால் அதுவும் அப்படியே.

உண்மையில் கேட்க வேண்டிய கேள்விகள் கிடக்கின்றன. கடைகளில் விற்கும் எல்லா இட்ராகொனசோல் உருண்டையும் ஒரே தரமில்லை. உருண்டையின் பருமன் பிராண்டுக்குப் பிராண்ட் மாறுகிறது, பூச்சு சரியாகப் படியாவிட்டால் சீரக மிட்டாய் சீரக மிட்டாயாகவே போய்விடும். 2017 ஏப்ரலில் மருந்து விதிகளைத் திருத்தி, கரைதிறன் குறைந்த மருந்துகளின் நகல் தயாரிப்புகளுக்கு உயிர்ச்சமானச் சோதனை, அதாவது உடம்பில் மூல மருந்தைப் போலவே ஏறுகிறதா என்ற சோதனை, கட்டாயம் என்றார்கள். அதற்கு முன்பே உரிமம் வாங்கிய பிராண்டுகள் என்னாகும்? வாங்கும் கடைக்காரர் அந்தச் சோதனை அறிக்கையைக் கேட்கிறாரா, கமிஷனைக் கேட்கிறாரா? எக்ஸ்ரே விளிம்பு விளைவுச் சோதனையில் படிகத்தின் கூர்முனைகள் தெரியாத லாட்தானா கையில் இருப்பது? பெரியவர் இதை எழுதியிருந்தால் நானே ராயபுரம் முழுக்கப் பிரதி எடுத்துக் கொடுத்திருப்பேன். அவர் எழுதவில்லை. மோசமான உருண்டையைப் பிடிப்பதற்குப் பதிலாக உருண்டையே கூடாது என்கிறார். அழுகிய மீனைப் பிடிக்கத் தெரியாதவர் காசிமேட்டையே மூடச் சொன்ன கதை.

ஒன்று செய்யலாம். பெரியவர் எந்த ஞாயிற்றுக்கிழமை சொன்னாலும் சரி. அவர் மெச்சும் இட்ராகொனசோல் படிகப் பொடி 100 மில்லிகிராம் கொண்டுவரட்டும். பையன் கொட்டிக் காட்டினானே, அந்தப் பட்டையில் மிச்சமிருக்கும் காப்ஸ்யூல் ஒன்றை நான் கொண்டுவருகிறேன். கரைதிறன் சோதனை இயந்திரத்துக்கு நான் பொறுப்பு. ஜாடிக்கு 900 மில்லி அமிலக் கரைசல், 37 டிகிரி, நிமிடத்துக்கு 100 சுற்று. ஒரு ஜாடியில் அவர் பொடி, இன்னொரு ஜாடியில் சீரக மிட்டாய். அவர் ஜாடியில் நூறில் ஐந்து மில்லிகிராம் கரைந்தாலே பெரிது, மிச்சம் அடியில் வெள்ளையாகக் கிடக்கும். கண்ணாடி ஜாடிதான், வெளியே நின்றே பார்க்கலாம். அந்த மூட்டை ஏற்றும் அண்ணனையும் கூப்பிட்டுக்கொள்வோம், அவருக்கு ஒரு வாரக் காப்ஸ்யூல் என் செலவு. பட்டையோடு.